ஒலி கணினியில், இசை கையில்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'கணினி இசைக்கு வரமா, சாபமா?' என்பது இன்றைய தலைப்பு. வரம் என்று பேசியவர், ஒரு மடிக்கணினிக்குள் நூறு வாத்தியங்கள் அடங்கிவிட்டன என்றார். சாபம் என்று பேசியவர், திருமண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் இருந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்துவிட்டது என்று வருந்தினார். இரண்டுமே உண்மைதான். ஆனால் இருவருமே கணினியைப் பற்றிப் பேசினார்கள். கணினியை இயக்கும் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தியை மீட்டுகிறோம், ஒலி பிறக்கிறது. அதே தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்கிறோம், சுருதி ஏறுகிறது. விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அங்கே ஒலி பிறக்கும் இடமும் விரல் படும் இடமும் ஒன்றுதான். கணினியில் அப்படி இல்லை. ஒலியை உருவாக்குவது மென்பொருள். நம் கை தொடுவது வேறொரு பொருள். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது, இந்தக் காலத்தில் அந்தக் கம்பியும் தேவையில்லை. ஒலி தனி, கை தனி என்று பிரிந்துவிட்ட பிறகு, எதைத் தொட்டு வாசிப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் கீபோர்டைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

கட்டைக்குள் அடங்காத காந்தாரம்

கீபோர்டு நல்ல கருவி. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் நம்முடைய இசைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது? தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆர்மோனியக் கட்டையில் அழுத்திப் பாருங்கள். கட்டை ஒரே சுருதியைத்தான் தரும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைத்தான் கமகம் என்கிறோம்.

இது புதிய சர்ச்சையும் அல்ல. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. இந்திய இசையின் நுட்பமான நெளிவுகளைக் கட்டைகளால் காட்ட முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. 1971இல்தான் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அன்று எழுந்த கேள்வி மட்டும் இன்றைய கணினிக்கும் பொருந்துகிறது.

மின்னிசையின் தொடக்கத்தில் கட்டைகளே இல்லாத கருவி ஒன்று இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1920 வாக்கில் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மின் ஒரு கருவியை உருவாக்கினார். அதைத் தொடாமலே வாசிக்க வேண்டும். அதில் இரண்டு ஆன்டெனாக்கள். ஒன்றை நோக்கி ஒரு கையை நகர்த்தினால் சுருதி மாறும். இன்னொன்றை நோக்கி மறு கையை நகர்த்தினால் ஒலியின் அளவு மாறும். 1928இல் பிரான்ஸ் நாட்டின் மோரிஸ் மார்த்தனோ வேறொரு கருவியை மேடையேற்றினார். விரலில் ஒரு மோதிரத்தை மாட்டி, அதனோடு இணைந்த கம்பியை நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டு செல்லும். ஆக, மின்னிசைக்கு நெளியத் தெரியாது என்பது சரியல்ல. பிறந்தபோதே அதற்கு நெளியத் தெரிந்திருந்தது.

பிறகு கீபோர்டு எப்படி வென்றது? 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா ஆகிய இருவரும் தனித்தனியே சிந்தசைசர்களை உருவாக்கினார்கள். புக்லா வழக்கமான கட்டைகளை விரும்பவில்லை. தொடு தகடுகளை வைத்தார். மூக்கின் கருவியில் கட்டைகள் இருந்தன. பியானோ பழகியவர் உடனே உட்கார்ந்து வாசிக்கலாம். உலகம் மூக்கின் வழியில் போயிற்று.

1983இல் மிடி என்னும் பொது மொழி வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள அது வழி செய்தது. மகத்தான சாதனைதான். ஆனால் கீபோர்டை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட மொழி அது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவையே அதன் முக்கியச் செய்திகள். பெரும்பாலான அளவுகளை 0 முதல் 127 வரை, 128 படிகளாக அது பிரித்தது. சுருதியை வளைக்கத் தனி வசதி உண்டு. ஆனால் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாகத்தான் வளையும். ஒரு விரலின் ஸ்வரத்தை மட்டும் அசைக்க முடியாது.

நம் தமிழ்த் திரையிசை கணினியைச் சந்தித்ததும் அந்தக் காலத்தில்தான். 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தியது இன்றும் பேசப்படுகிறது.

ஒலி மலிந்துவிட்டது

1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல், ஓர் ஐபிஎம் கணினியை 17 விநாடி இசைக்க வைத்தது. ஓர் அறையை அடைத்துக்கொண்ட கணினி அது. 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி முறை வந்தது. 1999இல் அது விரிவுபடுத்தப்பட்டபோது, சிந்தசைசரே ஒரு மென்பொருளாக இசைப்பதிவு நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று ப்யூர் டேட்டா, சர்ஜ் போன்ற மென்பொருள்களை ஒரு காசு செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் வீட்டின் விலைக்கு விற்ற ஒலிகள் இன்று மாணவனின் மடிக்கணினியில் கிடைக்கின்றன.

ஒலி இவ்வளவு மலிந்த பிறகு எது அரிதாகிறது? வாசிப்புத்தான். ஆயிரம் ஒலிகள் இருந்தும் பல கணினிப் பாடல்கள் உயிரற்று ஒலிக்கின்றன என்றால், குறை ஒலியில் இல்லை. அந்த ஒலியை யாரும் கையால் வளைக்கவில்லை, அழுத்தவில்லை, தயங்கி விடவில்லை.

மாற்றுக் கருவிகள்

இதை உணர்ந்தவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். டச்சுக் கலைஞர் மிஷெல் வைஸ்விஸ், 1984இல் 'கைகள்' என்று பெயரிட்ட கருவியோடு மேடையேறினார். இரண்டு கைகளிலும் உலோகச் சட்டங்களை மாட்டிக்கொண்டு, கைகளுக்கு இடையிலான தூரத்தாலும் சாய்வாலும் விரல் பொத்தான்களாலும் சிந்தசைசரை இயக்கினார். பார்சலோனாவில் உருவான ரியாக்டேபிள் ஒரு வட்ட மேசை. அதன்மேல் கட்டைத்துண்டுகளை நகர்த்தியும் திருப்பியும் இசைக்கலாம். 2007இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தம் இசைப்பயணத்தில் அதைப் பயன்படுத்தினார்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினியும் என்ற கருவியில் கட்டைகளே கிடையாது. மென்மையான நீண்ட பரப்பில் விரலை வைத்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு விரலின் இடத்தையும் அழுத்தத்தையும் அது தனித்தனியே உணரும். ஏ. ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த 'டில்லி 6' இந்திப் படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் இதை வாசித்திருக்கிறார். கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் அந்த ஒலியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மின்கருவிக்கு நம் இசையின் நெளிவு எவ்வளவு இயல்பாக வருகிறது என்பது புரியும்.

2018இல் மிடி மொழியிலும் இதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித் தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலும் தன் ஸ்வரத்தை மட்டும் அசைக்கலாம் என்னும் முறை பொது விதியாயிற்று.

'இவையெல்லாம் விலையுயர்ந்த சங்கதிகள், எங்கள் பிள்ளைகளுக்கு எட்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். எட்டும். உங்கள் பிள்ளை கணினி விளையாட்டுக்கு வைத்திருக்கும் கைப்பிடியைப் பாருங்கள். கட்டைவிரலால் தள்ளும் குச்சிகள் இரண்டு இருக்கும். அவற்றை எந்தத் திசையிலும் மெல்லத் தள்ளலாம். விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். இது எதை நினைவூட்டுகிறது? இழுத்து விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பும் வீணைத் தந்தியை அல்லவா? ப்யூர் டேட்டா போன்ற இலவச மென்பொருளில், ஒரு குச்சியின் அசைவைச் சுருதியோடும், ஆள்காட்டி விரலடியில் இருக்கும் விசையின் அழுத்தத்தை ஒலியின் அளவோடும் இணைத்துவிட்டால், ஸ்வரத்தை அசைக்கவும் அடக்கவும் உங்கள் பிள்ளையின் கையில் ஒரு கருவி வந்துவிடும்.

இணைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தாமதம். கையை அசைத்த கணத்துக்கும் ஒலி வரும் கணத்துக்கும் இடைவெளி கூடினால் தாளம் குலைந்துவிடும். விநாடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் செல்லும். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் மிருதங்கத்தைக் கேட்டு வாசிப்பது போன்றது அது. கணினி ஒலியை எவ்வளவு சிறு துண்டுகளாக அனுப்புகிறது என்பதை மென்பொருளில் மாற்றி இந்தத் தாமதத்தைக் குறைக்கலாம்.

இரண்டாவது, பொருத்தம். ஒரு குச்சிக்கு ஒரு வேலை என்று கொடுத்தால் கருவி அரை மணி நேரத்தில் சலித்துவிடும். வயலினைப் பாருங்கள். வில்லின் வேகமும் அழுத்தமும் சேர்ந்துதான் ஒலியின் அளவையும் நிறத்தையும் தீர்மானிக்கின்றன. அதுபோல ஓர் அசைவு இரண்டு மூன்று குணங்களைச் சேர்த்து மாற்றினால்தான் கை கற்றுக்கொள்வதற்கு ஏதாவது இருக்கும்.

மூன்றாவது, சாதகம். மென்பொருளில் எதையும் எப்போதும் மாற்றலாம். அதுவே பெரிய ஆபத்து. இன்று ஓர் அமைப்பு, நாளை வேறோர் அமைப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் கைக்கு எதுவும் பழகாது. வீணை தன் மெட்டுகளை வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டால் யாராவது வீணை வித்துவான் ஆக முடியுமா? ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். அன்றாடம் வாசியுங்கள்.

கதவு யாருக்குத் திறக்கிறது?

நேயர்களே, இதுவரை சொன்னது கை உள்ளவர்களுக்கு. வயலினைத் தோளில் தாங்க முடியாத பிள்ளைக்கு, விரல் சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு என்ன வழி? நம் இசை வகுப்புகளில் அந்தப் பிள்ளை கேட்பவனாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறான். பல இடங்களில் அதற்கும் அழைப்பதில்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் பாலீன் ஒலிவேரோஸ் தம் குழுவினரோடு 2007 முதல் ஒரு மென்பொருளை வளர்த்தெடுத்தார். அதன் பெயர் ஆமி. கணினியில் இருக்கும் சாதாரணக் கேமராவே அதற்குப் போதும். மூக்கு நுனியையோ கையையோ அது பின்தொடரும். தலையைச் சற்றுத் திருப்பினால் ஓர் ஒலி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேறோர் ஒலி. கடுமையான உடற்குறை உள்ள பிள்ளைகளுக்காகவே அது உருவானது. இலவசமாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் பாடகி இமோஜன் ஹீப்பும் குழுவினரும் அசைவை உணரும் இசைக் கையுறைகளை உருவாக்கினார்கள். பெருமூளை வாதத்தோடு வாழும் இசைக்கலைஞர் கிரிஸ் ஹால்பின், கித்தார் வாசிப்பது கடினமானபோது அந்தக் கையுறைகளை அணிந்து மேடையேறினார்.

ஒலி வேறு, கை வேறு என்று பிரிந்ததை ஒரு குறை போலத் தொடக்கத்தில் சொன்னேன். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவுதான் கதவைத் திறந்துவிட்டது. உடலுக்கேற்றபடி கருவியை மாற்றலாம் என்ற நிலை முன்பு எப்போதும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை.

நாதஸ்வரக் கலைஞரின் வருத்தத்துக்கு வருகிறேன். அது நியாயமான வருத்தம். ஆனால் மண்டபத்தில் அவருடைய இடத்தைப் பிடித்தது எது? யாரும் வாசிக்காமல், பொத்தானை அழுத்தியதும் தானே ஓடும் பதிவு. இப்போது இன்னொரு படி மேலே போய், இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாடலையே செய்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் மடிக்கணினியோடு மேடையேறும் இளைஞரிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் கையை அசைத்தால் ஒலி மாறுவதை நாங்கள் பார்க்க வேண்டும். தவறிவிடுமோ என்று நாங்கள் பயப்பட வேண்டும். தவறாமல் நீங்கள் அந்த ஸ்வரத்தைப் பிடிக்கும்போது கைதட்ட வேண்டும். அப்படி வாசிப்பவர் எதைத் தொட்டு வாசித்தாலும், நாதஸ்வரக் கலைஞருக்கு அவர் பகையாளி அல்லர், பங்காளி.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கீபோர்டு வாங்குவதற்கு முன், பிள்ளைக்கு வாய்ப்பாட்டில் நான்கு ராகங்களாவது காதில் ஏறட்டும். கமகம் எது என்று காதுக்குத் தெரிந்தால்தான், கை அதைத் தேடும். பிறகு வீட்டில் இருக்கும் கணினியையும் விளையாட்டுக் கைப்பிடியையும் கொடுத்துப் பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் வாத்தியத்தைப் பிடிக்க முடியாத ஒரு பிள்ளை இருந்தால், 'உனக்கு இது வராது' என்று சொல்வதற்கு முன், கணினியின் கேமராவை ஒருமுறை அந்தப் பிள்ளையின் பக்கம் திருப்புங்கள்.