பால்வாடி டீச்சர் வேலைக்கு நாமும் போகலாம்

(குமாரலிங்கபுரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தங்கச்சி எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அங்கன்வாடி வேலைக்குக் குழுவுல கடன் தருவீங்களா?" என்று கேட்டார். வேலைக்கு எதுக்கும்மா கடன் என்றோம். "ஒருத்தர்கிட்ட கொடுத்து வைக்கணுமாம். அவரு முடிச்சுத் தருவாராம்" என்றார்.

எங்களுக்குப் பகீர் என்றது. சில வருஷத்துக்கு முன்னால் நம் உறுப்பினர் ஒருவர் இப்படித்தான் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். வேலையும் வரவில்லை, தோடும் திரும்பவில்லை. அன்றைக்கே விவரத்தை எல்லோருக்கும் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில், இது என்ன வேலை? ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1982 ஜூலை 1-ல் சத்துணவும் வந்தது. அதனால் நிறையப் பேர் இதைச் சோறு போடுகிற இடம் என்றே நினைக்கிறோம். அது மட்டும் இல்லை. பாட்டு, கதை, விளையாட்டு மூலம் சொல்லிக் கொடுப்பது, எடை உயரம் பார்ப்பது, சத்து மாவு கொடுப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஆலோசனை சொல்வது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. விடியுமுன்னே மில் வேன் ஏறுகிற தாய்க்கும், கரிமூட்டத்துக்குப் போகிற தாய்க்கும் பிள்ளையை நம்பி விட வேறு இடம் ஏது?

2025 ஏப்ரலில் அரசு 7,783 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவித்தது. அதில் பணியாளர் 3,886, குறு அங்கன்வாடி பணியாளர் 305, உதவியாளர் 3,592. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி, வயது 25 முதல் 35. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி, வயது 20 முதல் 40. கணவரை இழந்தவர், ஆதரவற்றவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு வயதில் சலுகை உண்டு. முதல் 12 மாதம் தொகுப்பூதியம்: பணியாளருக்கு 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். அடுத்த அறிவிப்பில் விவரம் மாறலாம். அதனால் வந்ததும் முழுசாகப் படிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுப்பது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில். உள்ளூர்க்காரருக்கே முதல் இடம்.

அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழ் தேடினால் நாள் பத்தாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் இப்போதே ஒரு பையில் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர், பிறகு புருஷன் பெயர் என்று இனிஷியல் மாறியிருக்கும். இன்னும் அம்மா வீட்டு ரேஷன் அட்டையில் பெயர் இருக்கும். அப்படியானால் உள்ளூர் என்று எப்படிக் காட்டுவீர்கள்? இந்த மாதமே சரி செய்யுங்கள்.

அடுத்தது நேர்காணல். போன வாரம் குழுவில் நடித்துப் பார்த்தோம். நாங்கள் அதிகாரி மாதிரி உட்கார்ந்து, "ஒன்றரை வயதுக் குழந்தை, ரெண்டு மாசமா எடை ஏறலை. என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். முதலில் வந்தவர் "சத்து மாவு கூடக் கொடுப்பேன்" என்றார். அடுத்து அந்தத் தங்கச்சி. தலையைக் குனிந்துகொண்டு "எனக்கு என்ன தெரியும்" என்றார். உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க என்றோம். உடனே சொன்னார்: "திரும்ப ஒருதடவை நிறுத்துப் பார்ப்பேன். வயித்தால போச்சா, காய்ச்சல் அடிச்சுச்சான்னு கேப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊட்டுறாங்கன்னு வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். நர்சம்மாகிட்ட காட்டச் சொல்லுவேன்."

இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? எல்லோரும் கை தட்டினோம். தெரியாத கேள்வி வந்தால் "தெரியலைங்க, கத்துக்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். சில விஷயம் மனசில் இருக்கட்டும்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் தாய்ப்பாலோடு இணை உணவு, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. ஒரு கதையும் ஒரு பாட்டும் கூச்சப்படாமல் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாகப் பண விஷயம். வேலைக்கு லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம் என்று 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போக ஒருத்தராகப் பயமாக இருந்தால் கூட்டமைப்பாகப் போவோம். இடைத்தரகருக்குக் கொடுக்க எந்தக் குழுவும் கடன் தருவதில்லை என்று இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதுவோம்.

எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இடம் கொஞ்சம், கேட்பவர் அதிகம். ஆனால் கிடைக்காமல் போனாலும் தோடு காதில் இருக்கும், சான்றிதழ் சரியாக இருக்கும், அடுத்த தடவை கேட்கத் தைரியமும் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் அந்தப் பையோடு வாங்க. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.