மூன்று கட்டம் போட்ட நோட்டு



இந்த ஊரில் ஒருவருக்குத் தீராத வழக்கு என்றால் மணவாளநல்லூருக்குப் போவார்கள். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுவார்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை, திருட்டுப் போன நகை கிடைக்கவில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று வெள்ளைத் தாளில் எழுதி முருகனிடம் ஒப்படைத்தால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம் நம்பிக்கை. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் ஒரு தாளோடு அங்கே போய் நின்றேன். என் நாவல் நகரவில்லை என்பது வழக்கு. பேனாவைத் திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பிராது என்றால் எதிராளி பெயர் வேண்டுமே! யார் பெயரை எழுதுவேன்? தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாவல் வந்து நாலு பேர் நல்லபடியாகச் சொன்னார்கள். அந்தத் தெம்பில் இரண்டாவதை எழுதி அனுப்பினேன். முதல் நாவலை எழுதிய ஆளை இதில் காணவில்லை என்ற குறிப்போடு பதிப்பாளர் ஒருவர் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு விஷயம். அந்த ஆளை நானும் எட்டு வருஷம் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் புது டைரி வாங்குவேன். முதல் பக்கத்தில், ‘இந்த ஆண்டு நாவலை முடிப்பேன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதுவேன். பொங்கல் கரும்புச் சக்கை காய்வதற்குள் அந்த டைரியில் என் மனைவி பால் கணக்கு எழுத ஆரம்பித்திருப்பார். எட்டு டைரியும் வீட்டில் இருக்கின்றன. பால் கணக்கு மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஆண்டுதோறும் எழுத்தாளன் இலக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். தோற்றுப்போனவனைக் கூப்பிட்டது நல்ல யோசனைதான். வெற்றி பெற்றவர்கள் இலக்கை மறந்துவிடுவார்கள், தோற்றவனுக்குத்தான் தேதியோடு நினைவிருக்கும்.

நம் ஊர்க்காரரை முதலில் பார்ப்போம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ‘ஆறுமுகம்’ 1999. ‘செடல்’ 2006. ‘எங் கதெ’ 2015. நாவலுக்கு நாவல் இடைவெளியை எண்ணிப் பாருங்கள்: ஐந்து, ஏழு, ஒன்பது. பிறகு 2018இல் ‘செல்லாத பணம்’, அதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது. ‘வருஷத்துக்கு ஒரு நாவல்’ என்று அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், பெரும்பாலான வருஷங்களில் டிசம்பர் 31 அன்று அவர் தோற்றவராகத்தான் தூங்கப் போயிருக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் அவர் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், சிறுகதைகள் எழுதினார். சுந்தர ராமசாமியை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் நீளம். 1966, 1981, 1998. வாழ்நாளில் மூன்றே நாவல்.

இதற்கு நேர் எதிராக ஜெயமோகன் இருக்கிறார். 2014 ஜனவரி முதல் நாள் ‘வெண்முரசு’ தொடங்கினார், நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதி 2020 ஜூலையில் முடித்தார். 26 நாவல்கள். இங்கிலாந்தில் அந்தனி டிரோலப் என்று ஒருவர் இருந்தார், தபால் துறை அதிகாரி. வேலைக்குப் போகும் முன் விடிகாலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். 47 நாவல் எழுதினார். இந்த ரகசியத்தைச் சுயசரிதையில் அவரே சொல்லிவைக்க, அவர் இறந்தபின் 1883இல் அந்தப் புத்தகம் வந்தது. கலைஞன் இப்படியா முழம் போட்டு எழுதுவான் என்று அவர் மதிப்பே குறைந்துபோயிற்று! சொல்லாமல் இருந்திருக்கலாம் பாவம்.

இதில் எது சரி என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. நம்பிக்கை போனவனுக்கு இந்த இரண்டு கணக்குமே உதவாது. அவனுக்கு உதவும் கணக்கை நம் ஊரிலேயே ஓர் அக்கா எனக்குச் சொன்னார்கள்.

செராமிக் பேட்டையில் அகல் விளக்கு வார்க்கிற அக்கா. கார்த்திகைக்கு முந்தைய வாரங்கள், விளக்கு வாங்கப் போயிருந்தேன். உங்களுக்குத் தெரிந்த வேலைதான், இருந்தாலும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். களிமண்ணைத் தோசை மாவுபோலக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும், ஓரத்தில் மண் தடித்து நிற்கும், மிச்சத்தை வடித்துவிட்டு, இறுகியதும் வெளியே எடுப்பார்கள். நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். அதற்கப்புறம் சூளை. ஒரு சூட்டுக்குப் பிறகு கிளேஸ் முக்கி மறுபடி சூளை.

அந்த அக்காவின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது. கோடு போட்டு மூன்று கட்டம்: ஊத்துனது, ஒடஞ்சது, சூளைக்குப் போனது. அன்றைய வரிசையில் உடைந்த கணக்கு நிறைய இருந்தது. இவ்வளவு நஷ்டமா என்று கேட்டுவிட்டேன். “என்னா சார் நஷ்டம்? பச்சையில ஒடஞ்சா திரும்பத் தண்ணியில போட்டுக் கரைச்சா மண்ணுதான? நாளைக்கி ஊத்திக்கலாம். சூளைக்குப் போயி ஒடஞ்சாதான் சார் வீணு” என்றார்கள். சரி, எத்தனை விற்றது என்று எழுத ஏன் கட்டம் இல்லை என்றேன். “விக்கிறது மொதலாளி கணக்கு. ஊத்துறதுதான் எங் கணக்கு.”

நான் எட்டு வருஷம் முதலாளி கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நாவலை முடிப்பது, பதிப்பகம் ஏற்பது, நாலு பேர் பாராட்டுவது, எல்லாம் மற்றவர் கையும் காலமும் சேர்ந்து நடக்க வேண்டியவை. அதைவிட மோசம், பச்சை மண்ணைச் சூளையில் வைத்தேன். எழுதி ஈரம் காயாத அத்தியாயத்தை அன்று மாலையே நண்பருக்குப் படித்துக் காட்டுவேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. வெடித்துவிடும். வெடித்ததை மறுபடி கரைக்க முடியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா மௌனத்தையும் நோட்டுப் போட்டு உடைக்க முடியாது. பெருமாள்முருகனை நினைத்துப் பாருங்கள். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவித்தார். அது சோம்பலா, தன்னம்பிக்கைக் குறைவா? ஊர் கூடி ஒருவர் கையைக் கட்டியது. கட்டை அவிழ்க்க நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் சொன்னது. அந்த இடத்தில் போய் ஆண்டு இலக்கு, நாள் இலக்கு என்று பேசுகிறவனுக்கு வாய் வலிக்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கட்டு அவிழ்ந்ததும் அவர் பெரிய நாவலோடு வரவில்லை. முதலில் வந்தது ‘கோழையின் பாடல்கள்’, கவிதைகள். தலைப்பையே பாருங்கள், வீரன் மாதிரி வேஷம் போடாத தலைப்பு. அதன் பிறகே நாவல், ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், அதனால் ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிற பொருளில் அதன் முன்னுரையில் சொல்கிறார். பயம் போகட்டும், அப்புறம் எழுதுகிறேன் என்று காத்திருந்தால் அந்த வெள்ளாடு பிறந்திருக்காது. பயத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்.

இப்போது என் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். நாளுக்கு 200 சொல். வருஷத்தில் 250 நாள். பெருக்கினால் 50,000 சொல், சுமாரான ஒரு நாவல். மீதி 115 நாளை முன்கூட்டியே கழித்துவிட்டேன். கல்யாணம், காரியம், காய்ச்சல், மாசி மகம், புயல் எல்லாம் அதில் அடங்கும். கடலூர் மாவட்டத்துக்காரன் புயலுக்கு நாள் ஒதுக்காமல் திட்டம் போட்டால் அவன் ‘தானே’ புயலைப் பார்க்காதவன். வருஷத்தை ஒரே நீளமாகப் பார்த்தால் எனக்கு மலைப்பு வருகிறது. அதனால் கொளஞ்சியப்பர் கொடுக்கிற தவணையையே நானும் எடுத்துக்கொண்டேன், மூன்று மாதம். மூன்று மாதம் முடியும்வரை எழுதியதை யாருக்கும் காட்டுவதில்லை. முடிந்ததும் எடுத்துப் படிப்பேன். விரிசல் விட்டதைக் கரைப்பேன். நண்பரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், இரண்டு வருஷமாக என்னிடம் கோபமாக இருக்கிறார்.

நாவல் எழுத வேண்டும் என்று ஆசையோடு இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டைரி வாங்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே எந்தக் கடையிலும் நாற்பது பக்க நோட்டு கிடைக்கும். அக்கா போட்ட மூன்று கட்டத்தைப் போடுங்கள். அடுத்த வருஷம் இதே கூட்டத்துக்கு வரும்போது நாவலைக் கொண்டுவர வேண்டாம், நோட்டைக் கொண்டுவாருங்கள். நான் என்னுடையதைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ பையில் இருக்கிறது. இந்த வருஷம் எழுதிய நாள் 163. உடைந்தது 71 பக்கம். சூளைக்குப் போகக் காத்திருப்பது 92.