வெளிச்சம் காட்டும் மருந்தளவு



டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்சூலின் உறையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறதா? கோலா தெர்லாவில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, ஆசிரியர்களாகிய நாங்கள் சற்று விழிக்கத்தான் செய்தோம்.

கேள்வி சின்னதன்று. மருந்து குறைந்தால் பலவீனமான கிருமிகள் மட்டும் சாகும். வலுத்தவை தப்பிப் பெருகும். பிறகு அதே மருந்துக்கு அவை அசைவதில்லை. வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளில் பத்து மருந்துகளில் ஒன்று போலியாகவோ தரம் குறைந்தோ இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் கணக்கிட்டது.

மருந்தை அளக்கப் பழைய வழி ஒன்று உண்டு. கிருமி வளரும் தட்டில் மருந்தை வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் கிருமி முளைக்கவில்லை என்று பார்ப்பார்கள். அதற்கு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். வெளிச்சத்தால் அளந்தால் சில நிமிடம் போதும்.

திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கும் ஒளிக்குச்சியைப் பார்த்திருப்பீர்கள். வளைத்ததும் உள்ளேயிருக்கும் திரவங்கள் கலந்து, நெருப்பும் பேட்டரியும் இல்லாமல் ஒளிரும். கோலசிலாங்கூர் ஆற்றோர மின்மினிகளின் ஒளியும் வேதிமாற்றத்தால் வருவதே. லூமினால் என்ற பொருள், காரக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து நீலமாக ஒளிரும். இதை அல்பிரெக்ட் என்பவர் 1928-இல் விவரித்து எழுதினார். ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் அதே ஆண்டில்தான்!

இந்தக் கலவையில் சில மருந்துகள் ஒளியைக் கூட்டும், சில மங்கவைக்கும். முதலில், அளவு தெரிந்த மருந்துக் கரைசல்களை ஒவ்வொன்றாக விட்டு, ஒளி மாறுவதைக் கட்டத்தாளில் கோடாக வரைந்துகொள்வார்கள். பிறகு கேப்சூல் மருந்தைக் கரைத்து விட்டு, அந்தக் கோட்டோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் இருட்டுப் பெட்டிக்குள் நடப்பதால் துளி ஒளியும் கருவிக்குத் தப்பாது. பகலில் தெரியாத மின்மினி இரவில் தெரிகிறதல்லவா? டெட்ராசைக்ளினையும் பெனிசிலின் இனத்து மருந்துகளையும் இப்படி அளந்து காட்டியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. கேப்சூலில் சேரும் மற்றப் பொருள்களும் ஒளியைக் குழப்பலாம். ஆகவே கலவையைப் பிரித்து அளக்கும் வேறு முறைகளே ஆய்வுக்கூடங்களில் அதிகம்.

நம் நாட்டில் மருந்துகளைச் சோதிக்க 1978-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதுவே இன்றைய என்பிஆர்ஏ. பதிவான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண் இருக்கும்.

இதைச் சொன்ன மறுநாள், அந்த மாணவி வீட்டிலிருந்து நாலு கேப்சூலைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பாட்டிக்காக உதிரியாக வாங்கியதாம். பாட்டியையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகச் சொல்லி அனுப்பினோம்.