டங்ஸ்டன் விடும் ஒளி

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே கல்ஹம் என்ற ஊரில், ஜெட் என்னும் அணு இணைவு ஆய்வு உலை 1983 முதல் 2023 வரை இயங்கியது. உள்ளே பிளாஸ்மாவின், அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவின், வெப்பநிலை 10 கோடி டிகிரியைத் தாண்டும். அங்கே எந்த வெப்பமானியை நுழைப்பது? பிளாஸ்மா விடும் ஒளியைத்தான் விசாரிக்க வேண்டும். அதில் பெரும்பங்கு புற ஊதாவும் எக்ஸ் கதிரும். குறுகிய அலைநீளப் புற ஊதாவைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால், நிறமாலைமானியையும் வெற்றிடத்தில் வைக்கிறார்கள்.

உட்சுவரிலிருந்து பிளாஸ்மாவில் கலக்கும் கார்பன், மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலையில், 155 நானோமீட்டர் அருகே இரட்டைக் கோடு காட்டும். கோட்டைப் பார்த்ததும் கார்பன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் பெரும்பாடு படவேண்டும். எலெக்ட்ரான் மோதி அயனியைக் கிளர்த்தும் வேகம், அயனி அடுத்த எலெக்ட்ரானை இழக்கும் வேகம், திரும்பப் பிடிக்கும் வேகம், எல்லாமே வெப்பத்தோடு மாறுபவை. போதாக்குறைக்கு, அயனி ஓரிடத்தில் நிற்பதில்லை. சமநிலைக்கு வருமுன்பே வேறு வெப்பமுள்ள பகுதிக்கு நகர்ந்துவிடும். இத்தனையையும் கணக்கில் எடுத்து, கருவி பார்க்கும் பாதை நெடுக ஒளியைக் கூட்டி, அளந்த நிறமாலையோடு ஒப்பிட வேண்டும். இதற்கு வேண்டிய அணுத் தரவுகளை ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹ்யூ சம்மர்ஸ் முன்னின்று 'அடாஸ்' என்ற தொகுப்பாக்கினார். பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் மாபெரும் காந்தங்களைப் பேசும் நாம் இந்த உழைப்பைப் பேசுவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஜெட்டின் உட்சுவரிலிருந்த கார்பனை எடுத்துவிட்டு, 2011இல் பெரிலியமும் டங்ஸ்டனும் பொருத்தினார்கள். சிக்கல் பல மடங்கானது. டங்ஸ்டனுக்கு 74 எலெக்ட்ரான்கள். அந்த வெப்பத்திலும் அது எல்லாவற்றையும் இழப்பதில்லை. ஏறத்தாழ 30 எலெக்ட்ரான்களை இழந்த நிலைகளில், 5 நானோமீட்டர் அருகே எண்ணற்ற கோடுகள் நெருங்கி ஒரே மேடாகத் தெரிகின்றன. எந்தக் கோடு எந்த அயனியுடையது என்று அங்கே கண்ணால் பிரிக்க வழியில்லை. கணிப்பு ஒன்றே துணை.

துல்லியம் ஏன் முக்கியம்? பத்தாயிரம் துகள்களுக்கு ஒன்றிரண்டு டங்ஸ்டன் அயனிகள் கலந்தாலே போதும், வெப்பம் ஒளியாக வெளியேறி இணைவு எரிதல் நிலைக்காது. பிரான்சில் இந்தியாவும் பங்காளியாக எழும் ஈட்டர் உலையில், பெரிலியத்துக்குப் பதிலாக உட்சுவர் முழுவதையும் டங்ஸ்டனாக்கும் திட்டம் வந்திருக்கிறது. அணுத் தரவுகளுக்கும் கணிப்புகளுக்கும் ஒதுக்கும் பணத்தை, உலையின் செலவிலேயே ஒரு பகுதியாகக் கருத வேண்டும்.