வீட்டுத் தச்சுவேலையில் முதல் வருஷம்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



உழவனுக்கு ஏரும் எருதும் எவ்வளவு அவசியமோ, தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் அவ்வளவு அவசியம். 1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் ஏற்பட்டது முதல் விதைக்கும் எருதுக்கும் கடன் கொடுத்துப் பழகியவை நம் சங்கங்கள். தச்சுவேலை கற்கப் புகும் நம் பிள்ளைகளுக்கு அவை என்ன செய்யலாம் என்பதே இன்றைய விஷயம்.

முன்னாளில் இத்தொழில் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கே வந்தது. 1950-ம் வருஷத்தில் கைத்தொழிற் பயிற்சித் திட்டம் தொடங்கிய பின்னர் பிறருக்கும் வழி பிறந்தது. இன்று எட்டாம் வகுப்புத் தேறியவர், எக்குலத்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு வருஷம் தச்சுவேலை கற்றுப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெறலாம். அதன்பின், 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித் தொகை பெற்றுக்கொண்டே வேலையிடத்தில் பழகவும் இடமுண்டு.

வழி திறந்திருந்தாலும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. முதல் மாதங்களில் பிள்ளை கதவு செய்வதில்லை. சாணைக்கல்லில் உளி தீட்டுகிறான், கோடு கிழிக்கிறான், கோட்டின்மேல் அறுக்கிறான், அறுத்ததை எறிந்துவிட்டு மறுபடியும் அறுக்கிறான். வீட்டாரோ, “கட்டடத்தில் பலகை சுமந்தாலும் அன்றே கூலி கிடைக்குமே” என்று எண்ணி அவனை நிறுத்திவிடுகிறார்கள். அவன் ஆயுள் முழுதும் பலகை சுமப்பவனாகவே நின்றுவிடுகிறான்.

அம்மாதங்கள் வீணல்ல என்பதற்கு ஒரு கதவே சாட்சி. மரம் நீளவாக்கில் அநேகமாய்ச் சுருங்குவதில்லை; அகலவாக்கிலோ வெயிலிற் சுருங்கி மழையில் உப்பும். ஆகவே கற்ற தச்சன் கதவின் சட்டத்திலே காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல் அதற்குள் நிறுத்துகிறான். பலகை அசைய இடமிருப்பதால் வெடிப்பதில்லை. கல்லாதவன் அதை ஆணியடித்து இறுக்குகிறான்; அடுத்த கோடையில் அது பிளக்கிறது. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். அதிகமானால் துளையின் பக்கங்கள் பலமிழக்கும். குறைந்தால் கழுந்தே முறியும். நிலை வைக்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தால் மூலை நேரா கோணலா என்பது விளங்கும். மரத்தின் வைரம் எது, செல்லரிக்கும் வெள்ளை எது என்று கண்டுகொள்வதும் இக்கல்வியே. இவற்றை அறியாதவன் கையில் அகப்பட்ட மரமும் கூலியும் வீட்டுக்காரனுக்கு நஷ்டம்.

இக்காலத்தில் மின்சார ரம்பம் வந்துவிட்டது. அது வேலையைச் சுருக்கும். அளவு தவறினால் தவற்றையும் விரைவில் செய்யும். தளர்ந்த துண்டும் தொங்கும் உடையும் அதன் அருகே ஆகா. கண்ணுக்குக் காப்பு அவசியம். கையுறையோ சுழலும் வாளில் சிக்கிக் கையையே இழுத்துவிடும் என்பதால் அங்கே விலக்கத்தக்கது.

அங்கத்தினர்களே! நம் சங்கங்கள் செய்யத்தக்கவை இரண்டு. விதிகள் இடங்கொடுக்குமளவில், பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் வீட்டாருக்கு ஆயுதங்கள் வாங்கச் சிறு கடன் கொடுத்து, பயிற்சி முடிந்து கூலி கைக்கு வந்தபின் தவணை தொடங்குமாறு செய்யலாம். பயிற்சியின் நடுவே அவனை நிறுத்த எண்ணும் பெற்றோரிடம் பஞ்சாயத்தார் ஒருவர் நேரிற் சென்று பேசலாம். இரண்டாவதற்குச் செலவு ஒன்றுமில்லை, பலனோ பெரிது.

விதைத்த மறுநாளே அறுவடையை எதிர்பார்க்கும் குடியானவன் எவனும் இல்லை. பிள்ளையின் கைத்தொழிலுக்கும் அந்தப் பொறுமையை ஒரு வருஷம் அளிப்போமாக.