ஐம்பது ரூபாய் கெப்பாசிட்டர் எங்கே கிடைக்கும்?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், ரேடியோ–டிவி பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்துவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். 2.5 மைக்ரோஃபேரட் என்று எழுதிய சின்னப் பெட்டி, விலை ஐம்பது ரூபாய் சுமாருக்கு இருக்கும். மாற்றப் பத்து நிமிடம். ஆனால் அதை வாங்க நம் தெருவில் இன்று கடை இருக்கிறதா? இல்லை. ஆகவே ஃபேன் மொட்டைமாடிக்குப் போகிறது, பிறகு எடைக்குப் போகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலமும் மலையேறிவிட்டது. இப்போது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. புது ஃபேனுக்குத் தவணை கட்டத் தொடங்குகிறோம்.

ஸ்பேர்ஸ் கடைகள் மூடப்படுவதை வியாபாரிகளின் கஷ்டம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது நம் வீட்டுச் செலவு.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். மதுரையில் ஒரு காலத்தில் இலங்கை வானொலி கேட்காத வீடு அபூர்வம். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், நம் தென்மாவட்டங்களில் அதைப் பிடிக்க மாடிக்கு மாடி உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் ஏறின. பூஸ்டருக்கு டிரான்சிஸ்டர் வேண்டும், வயர் வேண்டும். வளைகுடா போய் வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். அதன் பெல்ட் இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும், ஹெட் தேய்ந்துவிடும். 4440 ஐசி ஒன்றை வைத்துப் பையன்கள் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்து மெக்கானிக்குகள் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்கு வருவார்கள்.

2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது, ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2011-லிருந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தது. அரசியல் எனக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டிகள் பழுதாகத் தொடங்கியபோது எத்தனை மெக்கானிக் வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் வெறும் வியாபாரி அல்ல. பத்தாவது தவறிய பையன் கவுண்டர் ஓரம் நின்றே ரெசிஸ்டரின் நிறக் கணக்கைப் படித்தான். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். "இந்த டிரான்சிஸ்டர் இல்லை, அதற்குப் பதில் இதைப் போடு, ஹீட்சிங்க் மட்டும் பெரிதாக வை" என்று சொல்லிக் கொடுப்பார். சாமானைக் கடனுக்குத் தருவார். பழுது பார்த்த கூலி வந்ததும் கொடுத்தால் போதும். வட்டி என்ற பேச்சே இருக்காது. அப்படிக் கற்ற பையன்கள்தான் பின்னால் சவூதியிலும் துபாயிலும் டெக்னீஷியன் வேலைக்குப் போனார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பிக்சர் டியூப் டிவி போயிற்று, அதோடு அதன் சாமான்கள் அத்தனையும் போயின. அரிசி மணியைவிடச் சின்னச் சாமான்கள் போர்டிலேயே ஒட்டி வருகின்றன. சாதாரண சால்டரிங் அயர்னால் அவற்றைத் தொட முடியாது, ஹாட் ஏர் மெஷின் வேண்டும். கம்பெனி சர்வீஸ்காரர் சாமானை மாற்றுவதில்லை, போர்டையே மாற்றுகிறார். ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, ஒன்று வேண்டுமென்றால் பத்தாக வாங்கச் சொல்கிறான், அல்லது சாமான் விலையைவிட அனுப்பும் கூலி அதிகமாக இருக்கிறது. வந்து சேர்ந்தது அசலா போலியா என்று யாரிடம் கேட்பது?

இது மதுரைக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1921-இல் தொடங்கிய ரேடியோ ஷேக் என்ற பெரிய கடை நிறுவனமே 2015-இல் திவாலானது. சென்னை ரிச்சி தெரு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றாலும் இன்று அங்கே கண்ணில் படுவது அதிகமும் லேப்டாப்பும் கேமராவும் செல்போன் சாமானும்தான். நம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கமும் கடைகள் அடியோடு போய்விடவில்லை. இருப்பவர்களுக்கு நாம் வியாபாரம் கொடுத்தால் இருப்பார்கள்.

ஒரு விஷயம் பெண்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. உடனே "பேனல் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். அறையை இருட்டாக்கி, திரை அருகே டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது; பின்னால் வெளிச்சம் தரும் பல்பு பட்டையோ அதற்குக் கரண்ட் தரும் பகுதியோதான் பழுது. பேனல் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. டிவியை நீங்களே திறக்க வேண்டாம், உள்ளே பவர் போர்டில் கரண்ட் தங்கியிருக்கும். ஆனால் விவரம் தெரிந்து பேசினால் உங்களை ஏமாற்ற முடியாது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. பிரான்சில் 2021 முதல் டிவி, செல்போன் போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஸ்பேர் கிடைக்குமா என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்தி. நல்லதுதான். ஆனால் சட்டம் வந்து நம் தெருவில் கெப்பாசிட்டர் விற்காது.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அறிவித்ததை நாம் பயானில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மிக்சியைத் தூக்கி எறிகிறோம்.

டிரஸ்ட் நிர்வாகிகளிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. கடையை மூடும் வியாபாரிகள் இருப்புச் சாமானை எடைக்குப் போடுகிறார்கள். அதை நியாய விலைக்கு வாங்கி, நம் அலுவலகத்தில் ஓர் அலமாரியில் வகை பிரித்து வைக்கலாம். ஃபேன் கெப்பாசிட்டர், ஃபியூஸ், ரிலே, மிக்சிக்குக் கார்பன் பிரஷ், பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயருக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர், இவ்வளவு இருந்தாலே பாதிப் பழுது தீரும். ரமலானில் சஹர் நேரத்தில் மைக் நின்றுபோனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முத்தவல்லிகளுக்குத் தெரியும். நம்மிடம் ஏற்கெனவே அழகிய கடன் திட்டம் இருக்கிறது; அதில் ஹாட் ஏர் மெஷினும் மல்டிமீட்டரும் வாங்க இரண்டு மெக்கானிக்குகளுக்கு வழி செய்யுங்கள். படிப்பை நிறுத்திய பையன்கள் இருந்தால் புதூர் அரசு ஐடிஐ-யில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு பற்றி விசாரித்துச் சேர்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நான் இங்கே இருப்பேன். ஓடாத ஃபேன், எரியாத பல்பு எதுவானாலும் எடைக்காரரிடம் போடும் முன் ஒரு தடவை கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும். கூட ஒரு பையனையும் அனுப்பிவையுங்கள், பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வஸ்ஸலாம்.