காய்ச்சலும் பிள்ளையின் மூளையும்
(சாகாமத்தில் நிகழ்த்திய பேச்சு)



"தடிமற் காய்ச்சல்தானே, மூன்று நாளில் மாறிவிடும்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும், இன்புளுவன்சாக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுள் மிகச் சிலருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே மூளை வீங்கி, வலிப்பும் மயக்கமும் உண்டாகின்றன. கிருமியை எதிர்க்கும் உடலின் காவற்படை அளவு மீறிப் போராடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

யப்பான் தேசம் இதனை நன்கறியும். இந்நோயின் கொடிய வகையொன்றை மிசுகுச்சி என்னும் மருத்துவர் 1995இல் விவரித்தார். 1998-99 பருவத்தில் அங்கு ஆராயப்பட்ட 148 நோயாளரில் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குட்பட்டோர். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். நாலிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோர் குறைபாடுகளோடு பிழைத்தனர். 2005இல் மருத்துவருக்கு வழிகாட்டி வகுக்கப்பட்டது. காலப்போக்கில் இறப்பும் குறைந்தது.

காய்ச்சற் பிள்ளைக்கு அஸ்பிரின் கொடாதீர்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் 'றேய்' நோயோடு அதற்குத் தொடர்புண்டு. டெங்கு உலாவும் நம் நாட்டில் அதை விலக்க இரட்டைக் காரணமுண்டு. நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் போதும்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நின்றபின் தெளிவு திரும்பாவிட்டாலும், பிள்ளை தாயை அறியாமற் பிதற்றினாலும், எழுப்பியும் எழும்பாவிட்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதாற் பயனில்லை. 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய வண்டி இலவசமாக வரும். பெரியோர்களே, நூல் கட்டுவதை நான் பழிக்கவில்லை; அதை ஆஸ்பத்திரியிற் சேர்த்த பின் கட்டலாமே!

பிழைத்து வந்த பிள்ளைகளுட் சிலர் முற்றாகத் தேறுவர். சிலருக்கு நடை தளரும், பேச்சுத் தடுமாறும், நினைவு மங்கும், வலிப்புத் தொடரும். இளமூளைக்கு மீண்டும் பழகும் வல்லமை உண்டு. ஆனால் மாதக்கணக்காகப் பயிற்சி வேண்டும். அங்கேதான் நம் கடமை தொடங்குகின்றது. கிளினிக்கிற்குப் போக வழியற்ற தாய்க்கு வாகனம் ஒழுங்கு செய்வோம். பாடத்திற் பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். "மூளை பழுதான பிள்ளை" என்ற சொல் நம் ஊரில் எவர் வாயிலும் வராதிருக்கட்டும்.

மருத்துவர் உயிரைக் காத்துத் தருவார். அந்த உயிரை வாழ்வாக்குவது ஊரின் பொறுப்பு.